ராமநாதபுரம் கடலில் சுறாவுக்கு டேக் போடும் தன்னார்வப் பயணம்: நம்ம பக்கம் நடக்குமா?

அலைவாய்க்கரை (சென்னை, சொந்த ஊர் கீழக்கரை பக்கம்)

வணக்கம். இதை மன்றத்தின் தூண்டில் பகுதியில் போடுவதா, கடல்வாழ் உயிரினப் பகுதியில் போடுவதா என்று தெரியவில்லை. நடத்துநர் பார்த்து நகர்த்திக்கொள்ளட்டும்.

வெளிநாட்டில் பல இடங்களில் வாரக் கடைசியில் பொதுமக்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். சுறாவைப் பிடித்து, நீளம் அளந்து, முதுகில் எண் போட்ட டேக் ஒன்றைக் குத்தித் திரும்பக் கடலில் விட்டுவிடுகிறார்கள். கூட ஒரு ஆராய்ச்சியாளர் இருப்பார். மற்றவர்கள் ஆசிரியர், கல்லூரி மாணவர், ஓய்வுபெற்றவர் என்று நம்மைப் போன்ற ஆட்கள்தான். அவர்கள் கட்டும் பணத்தில்தான் எண்ணெய்ச் செலவு, தூண்டில், டேக் எல்லாம் ஓடுகிறது.

பாம்பனிலிருந்து வாலிநோக்கம் வரைக்கும் நமக்கும் கடல் கிடக்கிறது. சுறாவும் இருக்கிறது. நாட்டுப்படகுக்காரர்களுக்கு ஒரு நாள் மீன்பாடு இல்லை என்றாலும் இதில் நிச்சய வருமானம் கிடைக்கும். பிள்ளைகளுக்குக் கடல் தெரியும். ஆராய்ச்சிக்குத் தகவல் கிடைக்கும். ஏன் யாரும் செய்யவில்லை? செய்தால் எங்கிருந்து தொடங்குவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "உனக்கு வேற வேலை இல்லையா" என்கிற பதில் மட்டும் வேண்டாம், அது வீட்டிலேயே கிடைக்கிறது.

கொம்பன்சுறா (டர்பன், தென்னாப்பிரிக்கா)

நான் இருக்கும் ஊரில் இது 1984-லிருந்து நடக்கிறது. இங்கே உள்ள கடலாய்வு நிறுவனம் ஒன்று தூண்டில்காரர்களை உறுப்பினராகச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, டேக்கும் அட்டையும் கையில் கொடுத்துவிடும். மீனைப் பிடித்தவர் டேக் போட்டு, இடம், தேதி, நீளம் எழுதி அனுப்புவார். அமெரிக்காவில் இன்னும் பழையது. 1962-ல் நூறு பேர்கூட இல்லாமல் தொடங்கியது, பிறகு 2 லட்சத்துக்கு மேல் சுறாக்களுக்கு டேக் போட்டுவிட்டார்கள். போட்டவர்களில் தூண்டில் பொழுதுபோக்குக்காரரும் உண்டு, தொழில்முறை மீனவரும் உண்டு.

படகில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், வீடியோவில் பாதிதான் வரும். முதலில் வட்டத் தூண்டில் முள். சாதாரண முள்ளைச் சுறா விழுங்கினால் குடலில் போய் மாட்டும். வட்ட முள் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். அதன் நுனியில் பின்னோக்கி நிற்கும் கொக்கியைக் குறட்டால் அமுக்கி மழுக்கிவிடுவோம். துருப்பிடிக்கும் இரும்பாக இருக்க வேண்டும், எவர்சில்வர் கூடாது. தூண்டில் நரம்பு அறுந்துபோனாலும் கொஞ்ச காலத்தில் முள் தானாக இற்றுவிடும்.

பெரிய சுறாவைப் படகில் ஏற்றவே மாட்டோம். படகின் ஓரத்தில் தண்ணீரிலேயே வைத்து வாலில் சுருக்குக் கயிறு போடுவோம். சில இனங்களை மல்லாக்கத் திருப்பினால் கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்கும். அதற்குள் ஒருவர் மூக்கு நுனியிலிருந்து வால் கவட்டை வரைக்கும், பிறகு வால் நுனி வரைக்கும் அளப்பார். ஆணா பெண்ணா என்று பார்ப்பது சுலபம், ஆணுக்கு அடிவயிற்றுத் துடுப்போடு இரண்டு குழல் போல நீட்டிக்கொண்டிருக்கும். அது வளையாமல் விறைப்பாக இருந்தால் வயதுக்கு வந்தது என்று குறித்துக்கொள்வோம். ஈட்டி நுனி டேக்கை முதுகுத் துடுப்பின் அடியில், சதையில், தலைப்பக்கம் சாய்த்துக் குத்த வேண்டும். நேராகக் குத்தினால் தண்ணீர் இழுவையில் கழன்றுவிடும். சின்னச் சுறாவாக இருந்தால் ஈரப் பஞ்சு மெத்தையில் போட்டு, வாய்க்குள் கடல்நீர்க் குழாய் விட்டு, துணியால் கண்ணை மூடிச் செய்யலாம். எல்லாம் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்தாக வேண்டும். விடும்போது தூக்கி எறியக் கூடாது. தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதுவே உதறிக்கொண்டு போகும்வரை பிடித்திருக்க வேண்டும்.

மீதி நேரம் முழுக்க வாந்தியும் வெயிலும் காத்திருப்பும். யூடியூபில் அதை வெட்டிவிடுகிறார்கள்.

வடகடல்_வாசி (தேவிபட்டினம்)

வாந்திக்குக் காசு கட்டி வரச் சொல்றீங்க. சரிதான்.

வத்தைக்காரன் மகன் (மூக்கையூர் பக்கம்)

அலைவாய்க்கரை அண்ணே, யோசனை நல்லாத்தான் இருக்கு. கோவிச்சுக்காம கேளுங்க.

எங்க அய்யா காலத்துல திருக்கை வலையில ஆள் உயரத்துக்குச் சுறா வந்துச்சு. இப்ப நம்ம வலையில வாறது பெரும்பாலும் பால்சுறா, கை நீளம் ரெண்டு கை நீளம். பெருசு எப்பயாச்சும் சீலாவுக்கும் சூரைக்கும் விட்ட வலையில வந்து மாட்டும். அதுவும் எப்படி வருது? ராத்திரி வலைய விட்டுட்டு விடியக்காலம் இழுக்கோம். அதுக்குள்ள அது செத்து வெறச்சுப் போயிருக்கும். இந்த வகைச் சுறா நீந்திக்கிட்டே இருந்தாத்தான் செவுளுக்குள்ள தண்ணி போகும். வலையில மாட்டி நின்னா அதோட கதை முடிஞ்சுது. செத்ததுக்கு டேக்கு போட்டு என்ன செய்ய?

உசுரோட வேணும்னா தூண்டில்தான். அது வேற தொழில், வேற ஆளு. தூண்டில் போட்டுட்டுப் பக்கத்துலயே கிடந்து அடிக்கடி தூக்கிப் பாக்கணும். எண்ணெய் யார் குடுப்பா?

அடுத்தது காத்து. கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற மாசத்துல தென்கடல், அதான் மன்னார் வளைகுடா, தூக்கிப் போடும். வாடை (வடக்குக் காத்து) வந்தா வடகடல்ல, பாக் விரிகுடாவுல, நிக்க முடியாது. நடுவுல கிடைக்கிற அமைதியான நாள்ல நாங்க சம்பாதிச்சாத்தான் வருசம் ஓடும். அந்த நாள்லதான் உங்க ஆளுகளுக்கும் லீவு கிடைக்குமாம்!

இன்னொண்ணு, யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். மீன்பிடிக்கப் பதிஞ்ச படகுல வெளியாளைப் பயணியா ஏத்தக் கூடாது. கரையில இருந்தே கேப்பாங்க. பயோமெட்ரிக் அட்டை இல்லாத ஆளு படகுல இருந்தா மறிச்சு நிறுத்தி விசாரிப்பாங்க. தனுஷ்கோடிக்கு அங்கிட்டு எல்லை ரொம்பப் பக்கம். நாங்க பிடிபட்டா மாசக்கணக்குல சிறையும் படகு பறிமுதலும். உங்க ஐடி கம்பெனி ஆளு பிடிபட்டா செய்தி. ரெண்டும் எங்களுக்கு வேணாம்.

மிதவை உயிரி (மண்டபம்)

கடல் உயிரியலில் ஆய்வு மாணவி. வன உயிரினச் சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் மேலே யாரும் தொடவில்லை.

மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலுமாக 560 சதுர கி.மீ. இதற்குள் அனுமதி இல்லாமல் மீன் பிடிப்பது, டேக் போடுவது எதுவும் முடியாது. 1989-ல் அறிவித்த உயிர்க்கோளக் காப்பகம் 10,500 சதுர கி.மீ., அதன் வெளிப்பகுதியில் மீன்பிடித் தொழில் நடக்கிறது. வரைபடத்தில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பலரும் குழப்புகிறார்கள்.

அடுத்தது, எந்தச் சுறா? 2001-ல் திமிங்கலச் சுறா உள்ளிட்ட சில சுறா, திருக்கை இனங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது கடுமையான பாதுகாப்புப் பட்டியலில், சேர்க்கப்பட்டன. 2022 திருத்தத்துக்குப் பிறகு பட்டியல் நீண்டுவிட்டது. அட்டவணை இனத்தை ஆராய்ச்சிக்காகப் பிடிக்கவே தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். தூண்டிலில் எது மாட்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஆகவே அனுமதி இல்லாமல் "சும்மா பால்சுறாவுக்கு மட்டும் டேக் போடுகிறோம்" என்று போவது ஆபத்து. ஒரு நிறுவனம், ஒரு திட்டம், அதற்குப் பொறுப்பான ஒரு விஞ்ஞானி, அவர் பெயரில் அனுமதி. தன்னார்வலர்கள் அதற்குக் கீழே உதவியாளராக வரலாம். டர்பனில் தூண்டில்காரர் கையில் டேக்கைக் கொடுப்பது போல இங்கே கொடுக்க முடியாது.

கொம்பன்சுறா சொன்ன முறை சரி. ஆனால் அவர் பெயர் வைத்திருக்கும் இனத்துக்கே அது ஆகாது. கொம்பன் சுறாவை (சுத்தியல் தலைச் சுறா) தூண்டிலில் இழுத்து அலைக்கழித்தால், விட்ட பிறகு செத்துப்போக நிறைய வாய்ப்புண்டு. நன்றாக நீந்திப் போவது போல் தெரியும், ரத்தத்தில் அமிலம் ஏறி அடியில் போய்ச் சாகும். நம் கடல் வெப்பமும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூடான நீரில் உயிர்வளி குறைவு. சித்திரை வெயிலில் அமைதியான கடல் மனிதனுக்குச் சுகம், களைத்த சுறாவுக்கு இல்லை.

அலைவாய்க்கரை

மகனே (வயது தெரியாது, மன்னிக்கவும்), படகு விஷயம் புரிந்தது. காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து சதுப்புநிலக் காட்டுக்குள் படகு ஓட்டுகிறார்களே, அதே மாதிரி முறையாக உரிமம் எடுத்துச் செய்ய முடியாதா? ஊர்க் குழுவே நடத்தட்டும். நாங்கள் பணம் கட்டி வருகிறோம். டேக் போட ஒரு ஆய்வாளர் வரட்டும்.

பாறைமீன் (சென்னை, ஸ்கூபா)

எனக்கு டேக் போடுவதே பிடிக்கவில்லை. தண்ணீருக்கு அடியில் இரை வைத்த கேமராவை இறக்கிவிட்டால் எது வருகிறது போகிறது என்று தெரிந்துவிடும். திமிங்கலச் சுறாவுக்குப் புள்ளிக் கோலமே ஒவ்வொன்றுக்கும் தனி, படம் எடுத்தாலே அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள். எதற்கு ஒரு விலங்கை இழுத்து, குத்தி, படம் எடுத்து, முகப்புப் படமாக வைக்க வேண்டும்?

மிதவை உயிரி

@பாறைமீன் கேமரா முறை நல்லதுதான், நீர் தெளிவாக இருக்கும் இடத்தில். பாக் விரிகுடாவில் அடிமண் சேறு. இழுவலை ஓடிய மறுநாள் கேமரா முன்னால் கஞ்சித் தண்ணீர்தான். தென்கடல் பாறைத் தீவுப் பக்கம் சில மாதம் நன்றாக இருக்கும். பால்சுறாவுக்குப் புள்ளியும் இல்லை, கோலமும் இல்லை. ஒன்றுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் தெரியாது. எவ்வளவு தூரம் போகிறது, வருடத்துக்கு எவ்வளவு வளர்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் டேக் போட்ட அதே சுறா திரும்பக் கிடைத்தால்தான் பதில்.

கருவாட்டுக்கடை அக்கா (ராமநாதபுரம்)

இவ்வளவு பேர் எழுதியிருக்கிறீர்கள், டேக் போட்ட சுறா திரும்ப எங்கே கிடைக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது எங்கள் கையில்தான் கிடைக்கும். ஏலக் கூடையில் வரும். அல்லது உப்புத் தொட்டிக்கு வரும்.

சுறா இந்தக் கரையில் வீணாகப் போகாது. பால்சுறா பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு. பெரியது துண்டம் போட்டுக் கருவாடு. பீலிக்கு (சுறாத் துடுப்புக்கு) ஒரு காலத்தில் இருந்த விலை வேறு, 2015-ல் ஏற்றுமதி தடை வந்ததோடு அது கள்ளக்கடத்தல் சரக்காகிவிட்டது. அவ்வப்போது பிடித்தார்கள் என்று பேப்பரில் பார்த்திருப்பீர்கள். இப்போது நான் ஒரு சுறாவை அறுக்கிறேன், முதுகில் எண் போட்ட பிளாஸ்டிக் நாக்கு ஒன்று தொங்குகிறது. எடுத்து என்ன செய்வேன் என்று நினைக்கிறீர்கள்? அதில் உள்ள எண்ணுக்குப் போன் போட்டு, "அய்யா, இந்தச் சுறா என்னிடம் இருக்கிறது, இந்தத் தேதியில் இந்தப் படகில் வந்தது" என்று சொல்வேனா? சொன்னால் மறுநாள் யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. பிய்த்துக் குப்பையில் போடுவேன். எல்லாரும் அதைத்தான் செய்வார்கள்.

2001 ஞாபகம் இருக்கிறதா? இளையவர்களுக்கு இருக்காது. அந்த ஜூலையில் சுறா, திருக்கை அத்தனை இனத்தையும் ஒரே உத்தரவில் முதல் அட்டவணையில் போட்டுவிட்டார்கள். புலி, யானைக்கு உள்ள அதே சட்டம். கருவாடு காயப்போட்டவளும் குற்றவாளி. கரை முழுக்கக் கொந்தளித்து, டிசம்பரில் பட்டியலைச் சில இனங்களாகச் சுருக்கினார்கள். அந்த அரை வருடம் எங்கள் வீட்டில் சரக்கை எங்கே மறைத்தோம் என்று இங்கே எழுத மாட்டேன். அதிலிருந்து சுறா பற்றி யாராவது நோட்டுப் புத்தகத்தோடு வந்தால் கரையில் பேச்சு நின்றுவிடும். உங்கள் படகு, முள், பஞ்சு மெத்தை எல்லாம் சரி. அந்தப் பிளாஸ்டிக் நாக்கைத் திருப்பிக் கொடுக்க ஒருத்தியைச் சம்மதிக்க வையுங்கள் முதலில்.

வத்தைக்காரன் மகன்

அக்கா சொன்னதுக்கு மேல ஒண்ணும் இல்ல. 🙏

கொம்பன்சுறா

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். உண்மை. அமெரிக்கத் திட்டத்தில் போட்ட டேக்கில் நூற்றுக்கு ஆறு பக்கம்தான் திரும்பியிருக்கிறது, அதுவும் அறுபது வருடமாக ஆட்களிடம் பழகி, துறைமுகம் துறைமுகமாகப் பேசி, திருப்பிக் கொடுத்தவருக்குத் தொப்பி கொடுத்து. தொப்பிதான், பணம்கூட இல்லை. கூடவே அந்தச் சுறா முதலில் எங்கே, எப்போது பிடிபட்டது என்ற தகவலையும் அனுப்புவார்கள். அதற்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. ஒரு சுறா 27 வருடத்துக்கு மேல் கழித்துப் பிடிபட்டிருக்கிறது. போட்டவர் ஒரு தலைமுறை, எடுத்தவர் அடுத்த தலைமுறை.

வடகடல்_வாசி

தொப்பி எங்களுக்கு வேண்டாம், டீசல் மானியத்தைக் கூட்டச் சொல்லுங்கள்.

அலைவாய்க்கரை

பணப் பரிசு வைத்தால்? ஒரு டேக்குக்கு ஒரு தொகை. பயணம் வருகிறவர்கள் கட்டுவதிலிருந்தே கொடுக்கலாம்.

கருவாட்டுக்கடை அக்கா

தம்பி, நான் பயத்தைச் சொன்னேன். நீங்கள் விலை சொல்கிறீர்கள்.

வெராவல் ரிட்டர்ன் (தங்கச்சிமடம்)

நான் சில வருடம் குஜராத்தில் மீன் கம்பெனியில் இருந்தேன். அங்கே திமிங்கலச் சுறாவைக் குத்தூசி போட்டு வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள், கல்லீரல் எண்ணெய்க்கு. 2001-ல் தடை வந்தது. தடையால் மட்டும் நிற்கவில்லை. 2004-லிருந்து வன உயிரின அறக்கட்டளை ஒன்றும் குஜராத் வனத்துறையும் சேர்ந்து பிரசாரம் செய்தார்கள். மொராரி பாபு என்கிற கதாகாலட்சேபக்காரர், அங்கே அவர் பேச்சுக்கு மரியாதை அதிகம், அந்தச் சுறாவைப் பிறந்த வீட்டுக்குப் பிள்ளை பெற வரும் மகள் என்று சொன்னார். அது பிடித்துக்கொண்டது.

ஆனால் உண்மையில் வேலை செய்தது வேறு. வலையில் மாட்டினால் வலையை அறுத்துத்தான் விட வேண்டும். அறுத்த வலைக்கு இழப்பீடு. முதலில் அதிகாரி வந்து பார்த்தால்தான் தருவேன் என்றார்கள், அவர் வருவதற்குள் சுறா செத்துவிடும். பிறகு மீனவர் கையிலேயே கேமரா கொடுத்து, நீயே படம் எடு, நீயே விடு, படத்தைக் காட்டி வாங்கிக்கொள் என்று மாற்றினார்கள். நூற்றுக்கணக்கில் விட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் சாட்டிலைட் டேக் போடத் தொடங்கினார்கள். டேக் போட்டதும் யார்? வலையில் மாட்டியதை விடும் நேரத்தில், அந்த மீனவர்களின் உதவியோடுதான். வெளியூர் ஆள் தூண்டிலோடு போய்ப் பிடிக்கவில்லை.

ஆக வரிசை என்ன? முதலில் பிடித்ததைச் சொன்னால் வம்பு வராது என்ற நம்பிக்கை. டேக் அப்புறம்.

வத்தைக்காரன் மகன்

அம்மணி உழுவை, அதான் அந்தத் திமிங்கலச் சுறா, நம்ம பக்கமும் வலையில ஏறும். கரை ஒதுங்கினதையும் பாத்திருப்பீங்க. எங்க ஆளுக வலைய அறுத்து விட்டதும் உண்டு. அது சாது, வாயப் பொளந்துக்கிட்டு மிதக்கும்.

ஆனா அண்ணன் கேட்டதுக்கு ஒரு விசயம் தோணுது. நண்டு வலையில அடிக்கடி ஒரு சின்னச் சுறா ஏறும். பழுப்பு நிறம், முழங்கை நீளம் இருந்தா அதிகம், அடியில படுத்துக் கிடக்கும், பாறைச் சந்துல இருக்கும். வலைய இழுத்து, நண்டு கழிச்சு, எல்லாம் முடிச்ச பிறகும் உசுரோட நெளியும். விலை ஒண்ணும் இல்ல. சில பேரு கடல்ல விட்டுருவாங்க, சில பேரு சங்காயத்தோட (கழிவு மீனோட) தள்ளிருவாங்க. அதுக்கு டேக்கு போடலாமா?

மிதவை உயிரி

போடலாம்! இந்த இழையில் வந்த மிக உருப்படியான கேள்வி இதுதான். அது மூங்கில் சுறாக் கூட்டத்தைச் சேர்ந்தது. நீந்தாமல் படுத்துக்கொண்டே வாயால் தண்ணீரை இழுத்துச் செவுளுக்கு அனுப்பும், அதனால்தான் வலையில் மாட்டியும் சாவதில்லை. முட்டை போடும் இனம். பாசியில் சிக்கிய தோல் பை மாதிரி முட்டைக் கூடு பார்த்திருப்பீர்கள், பர்ஸ் என்று நினைத்துப் பிள்ளைகள் எடுத்து விளையாடும். உடம்பு சின்னது என்பதால் ஈட்டி டேக் ஆகாது. ஆட்டுக்குக் காதில் போடும் வில்லை மாதிரி ஒன்றை முதுகுத் துடுப்பில் போட வேண்டும், அந்த வகை டேக்கே ஆட்டு மாட்டுக் காது வில்லையிலிருந்து வந்ததுதான். அதிகத் தூரம் போகிற இனம் இல்லை. அதே ஊர் நண்டு வலையிலேயே திரும்ப மாட்ட வாய்ப்பு அதிகம், ஆகவே டேக் திரும்புவது நாலு தெருவுக்குள் முடிகிற விஷயம். இலங்கைக் கரைக்குப் போய்விட்டதே, யார் சொல்வார் என்ற கவலை இல்லை.

அனுமதி இதற்கும் வேண்டும். ஆனால் படகில் வெளியாள் தேவையில்லை. நண்டுக்காரர் விடும்போதே போடலாம், பயிற்சி கொடுத்தால்.

அலைவாய்க்கரை

உண்மையைச் சொல்லட்டுமா? முழங்கை நீளச் சுறாவுக்கு வில்லை மாட்டுவதைப் பார்க்கச் சென்னையிலிருந்து யார் காசு கட்டி வருவார்கள்?

பாறைமீன்

ஆக உங்களுக்கு வேண்டியது பெரிய சுறாவோடு படம். நான் முதலிலேயே சொன்னேன்.

அலைவாய்க்கரை

பெரிய சுறாவைப் பார்க்க ஆசைப்படுவது தப்பா? அந்த ஆசையில்தான் ஒருவன் கடல் பக்கம் வருகிறான். பிறகுதான் சின்னது, முட்டை, பாசி எல்லாம் கண்ணில் படும். நீங்கள் ஸ்கூபா கற்றுக்கொண்டது பாசி பார்க்கவா?

கொம்பன்சுறா

இதில் நான் அலைவாய்க்கரை பக்கம். இங்கேயும் ஆள் வருவது பெரிய சுறாவுக்காகத்தான், வந்தவர்களில் பாதிப் பேர் பிறகு அளவுப் பலகை பிடிக்கும் ஆட்களாக மாறிவிட்டார்கள். ஆசையைக் குறை சொல்லிப் பயனில்லை.

சின்னப்பாலத்துப் பாசி (பாம்பன்)

நான் பொதுவா எழுத மாட்டேன். எங்க ஊர்ப் பொம்பளைக தீவைச் சுத்திப் பாசி எடுத்துப் பிழைக்கிறவங்க. முங்கி, கையால பறிச்சு, சாக்குல கட்டிக் கொண்டு வாறது. பூங்கான்னு சொன்னதுல இருந்து போகக் கூடாது, எடுக்கக் கூடாது, இந்த நாளு, அந்த நாளுன்னு எத்தனை கட்டுப்பாடு. எங்க பாட்டி போன தீவுக்கு நாங்க பயந்து போறோம். நாளைக்கு அதே தண்ணியில வெளியூர்க்காரங்க டிக்கெட் வாங்கிச் சுறா பிடிச்சு விளையாடினா எங்களுக்கு எப்படி இருக்கும்? நல்லது செய்யணும்னு நினைக்கிறீங்க, தெரியுது. எந்தத் தண்ணியில, யாரைக் கேட்டு, அதை மொதல்ல எழுதுங்க.

மிதவை உயிரி

இதை நான் என் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டிய இடத்தில் சட்டப் பிரிவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். சட்டம் பேசுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

நடத்துநர்

தலைப்பு நன்றாகப் போகிறது. யாரும் வீட்டில் உள்ள வேளாக் கொம்பின் (வேளா என்பது ரம்பம் போல மூக்குள்ள மீன்) படத்தை இங்கே ஏற்ற வேண்டாம். இரண்டு பேர் தனிச் செய்தியில் கேட்டிருக்கிறீர்கள். வேளா முதல் அட்டவணை இனம், கொம்பும் சட்டத்துக்கு உட்பட்டது.

வடகடல்_வாசி

வேளா என்றதும் ஒன்று. சங்கப் பாட்டில் பரதவர் சினைச் சுறாவின் கொம்பை நட்டு வைத்துச் சாமி கும்பிட்டதாக வருகிறது. அது வேளாக் கொம்பாகத்தான் இருக்க வேண்டும், சுறாவில் கொம்பு நட வேறு எதற்கு இருக்கிறது? எங்கள் தாத்தா வேளாவை வலையில் பார்த்தவர். வலையைச் சல்லடையாக்கிவிடுமாம். அப்பா பார்த்ததில்லை. எந்த வருடத்தோடு நின்றது என்று எழுதி வைத்த ஆள் இல்லை.

மிதவை உயிரி

@வடகடல்_வாசி நீங்கள் கேலிக்காரர் என்று நினைத்தேன். இந்தத் தகவலைத் தாத்தா இருந்தால் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்: எந்த இடம், எந்தக் காற்றுக் காலம், எந்த வலை. வயதானவர்கள் சொன்னதை வைத்தும் ஆய்வு செய்கிறார்கள். அதற்குப் படகும் வேண்டாம், அனுமதிக் கடிதமும் வேண்டாம்.

அலைவாய்க்கரை, உங்களுக்கு என் யோசனை. டேக்கை இப்போதைக்கு விடுங்கள். மீன் இறங்குதளத்தில் வரும் சுறாவை அளக்கும் வேலைக்கு ஆள் பற்றாக்குறை. 1947-ல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இன்றும் இறங்குதளங்களில் கணக்கெடுக்கிறது, ஆனால் ஒரு ஆள் எத்தனை கரையில் நிற்க முடியும்? எந்த இனம், ஆணா பெண்ணா, எத்தனை செ.மீ., வயிற்றில் குட்டி இருந்ததா, எந்த வலை. நான்கு மாதம் தொடர்ந்து ஒரே கரையில் எடுத்தால் குட்டிச் சுறா எந்த மாதம், எந்த ஆழத்திலிருந்து வருகிறது என்று ஓரளவு தெரியும். பல இனங்கள் கரையோர ஆழமில்லாத தண்ணீரில்தான் குட்டி போடும். அந்த இடம் தெரிந்தால், எங்கே டேக் போட வேண்டும் என்பதும் தெரியும்.

அலைவாய்க்கரை

செத்த சுறாவை அளக்கச் சொல்கிறீர்கள்.

மிதவை உயிரி

ஆமாம்.

கருவாட்டுக்கடை அக்கா

அளக்க வரலாம். படகு எண் எழுதக் கூடாது, ஆள் பெயர் எழுதக் கூடாது, சுறாவின் கணக்கு மட்டும். எழுதின தாளை அங்கேயே எங்களுக்கும் காட்ட வேண்டும். சம்மாட்டியிடம் (படகு முதலாளியிடம்) முதலில் நான் பேசுகிறேன். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அலைவாய்க்கரை

சரி, வருகிறேன். நண்பர்கள் இரண்டு பேர் கூட வருவார்கள், ஒருத்தி விலங்கியல் படித்தவள். இனம் கண்டுபிடிக்க எங்களுக்குத் தெரியாதே?

மிதவை உயிரி

முதல் தடவை நான் கூட இருப்பேன். பால்சுறாவிலேயே இரண்டு மூன்று வகை கலந்து வரும், வாயோர மடிப்பையும் துடுப்பு எங்கே தொடங்குகிறது என்பதையும் பார்த்துப் பிரிக்கக் கற்றுத்தருகிறேன். தையல்கடை டேப் கொண்டு வராதீர்கள், நனைந்தால் நீளும். மரப் பலகையில் செ.மீ. கோடு போட்டு வார்னிஷ் அடித்துக் கொண்டு வாருங்கள். சுறாவை வளைவில் அளக்கக் கூடாது, பலகையில் நேராகக் கிடத்தித்தான் அளக்க வேண்டும்.

வத்தைக்காரன் மகன்

சனிக்கிழமை போற விசைப்படகு ஞாயித்துக்கிழமை காலையில வந்துரும். அன்னைக்கு வாங்க, உங்களுக்கும் லீவு. செருப்பு வேணாம், வழுக்கும். ரப்பர் பூட்ஸ் இருந்தா நல்லது. ஏலம் முடியுற வரைக்கும் மீன் மேல கை வைக்காதீங்க, கூவிக்கிட்டு இருக்கையில குறுக்க போகாதீங்க. படம் எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க.

நண்டு வலைக்காரங்க ரெண்டு பேர்ட்ட அந்தச் சின்னச் சுறா விசயமும் பேசி வைக்கேன். வில்லைய யாரு குடுப்பாங்கன்னு மட்டும் அக்கா, அந்த மண்டபம் அக்கா, கேட்டுச் சொல்லுங்க.